பின்னச்சைத் திருத்துவோர் கவனத்திற்கு

அமெரிக்காவில் ஒருவர், நெடுநாள் ஆசையின் பேரில், 2005-ஆம் ஆண்டுக்கும் 2014-ஆம் ஆண்டுக்கும் இடையே தயாரான ஒரு பழைய ஃபோர்டு மஸ்டாங்கை விலைக்கு வாங்கி, அதன் பின்பக்கச் சஸ்பென்ஷனைச் சற்று மேன்மைப்படுத்தலாம் என்ற உத்தேசத்துடன் உதிரிப்பாகக் கடைக்குப் போவாரானால், அவரிடம் முதன்முதலில் காட்டப்படும் சரக்கு, வண்டியை ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ தாழ்த்திவிடும் குட்டை ஸ்பிரிங்குகளாகத்தான் இருக்கும். அடுத்தபடியாக, திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் தடித்த ஸ்டெபிலைஸர் கம்பி வரும். அதற்கடுத்தபடி, ரப்பர் புஷ்களைப் பிடுங்கிவிட்டு அவற்றின் ஸ்தானத்தில் போடுவதற்கான கெட்டிப் பாலியூரித்தேன் புஷ்கள் வரும். ஷாக் அப்சார்பர்களைப் பற்றிய பேச்சு, பணப்பை ஏறக்குறையக் காலியான பிறகே எழும். தினந்தோறும் பொதுச்சாலையில் ஓடவேண்டிய வாகனத்துக்கு இந்த வரிசை தலைகீழானது என்பது என் அபிப்பிராயம். கண்ணுக்குத் தெரிகிற மாறுதலை முதலிலும், கண்ணுக்குத் தெரியாமல் உழைக்கிற மாறுதலைக் கடைசியிலும் விற்பது வியாபாரிக்குச் சௌகரியமாக இருக்கலாம். அந்தச் சௌகரியத்துக்காக ஓட்டுகிறவர் தம் முதுகெலும்பையும், ஈரச்சாலையில் தம் உயிரையும் பணயம் வைக்கவேண்டிய அவசியம் இல்லை.

மஸ்டாங்கை உதாரணமாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1964 ஏப்ரல் 17-ஆம் தேதி நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் பொதுமக்களின் பார்வைக்கு வந்த இந்த வாகனம், உடல் பருத்து, இளைத்து, மறுபடியும் பருத்து, எத்தனையோ அவதாரங்கள் எடுத்த பிறகும், பின்புறத்தில் மட்டும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஒரே பழைய ஏற்பாட்டை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருந்தது. மாட்டு வண்டியில் இருப்பதைப் போலவே இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை அச்சு. வித்தியாசமெல்லாம், அதன் நடுவே கனமான டிஃபரன்ஷியல் உட்கார்ந்திருப்பதும், என்ஜினின் சக்தி முழுவதும் அதன் வழியாகவே சக்கரங்களுக்குப் போவதுந்தான். 1978 வரையில் இந்த அச்சை, நம் லாரிக்காரர்கள் கமான் பட்டை என்று சொல்லும் வில் பட்டைகள் தாங்கின. 1979-இல் சுருள் ஸ்பிரிங்குகளும் நான்கு இணைப்புத் தண்டுகளும் வந்தன. 2005-இல் தண்டுகள் மூன்றாகக் குறைந்து, அச்சு பக்கவாட்டில் நகராமல் தடுக்க ஒரு குறுக்குத் தண்டு சேர்ந்தது. 1999-இல் கோப்ரா என்னும் விசேஷ ரகத்துக்கு மட்டும் தனித்தனியே அசையும் பின்சக்கரங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் கால் மைல் நேரோட்டப் பந்தயத்தில் மோகங்கொண்ட ரசிகர்களில் பலர், அந்த நவீன ஏற்பாட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய அச்சையே மாட்டிக்கொண்டார்கள்! ஒற்றை அச்சு மலிவானது, முரட்டுத்தனமான சக்திக்கு ஈடுகொடுக்கக்கூடியது, ஒரு சக்கரம் சாயும்போது மற்றதையும் சேர்த்துச் சாய்த்துவிடும் அவகுணம் உடையது. இந்தக் குணதோஷங்களைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அதைத் திருத்தும் காரியத்தில் இறங்கவேண்டும்.

முதன்முதலில் அந்தக் காரியத்தில் இறங்கிப் புகழ்பெற்றவர் கரோல் ஷெல்பி. 1965-இல் அவர் வெளியிட்ட ஜி.டி. 350 என்னும் ரகத்தில், அச்சின் மேல்பாகத்திலிருந்து புறப்பட்டு வண்டியின் தரையை ஊடுருவிச் செல்லும் நீண்ட தண்டுகளைப் பொருத்தி, என்ஜினின் முறுக்கு விசையால் அச்சு சுழன்று திமிறாதபடி கட்டினார். சக்கரம் மிகையாகக் கீழே தொங்காமலிருக்கக் கம்பி வடங்களைக் கட்டினார். கோனி ஷாக் அப்சார்பர்களைப் போட்டார். திருப்பங்களில் ஓசையெழுப்பி ஓட்டுகிறவரைத் திடுக்கிடச் செய்யும் பூட்டு டிஃபரன்ஷியலையும் வைத்தார். பந்தயக் களத்தில் அந்த வாகனம் வெற்றிமேல் வெற்றி பெற்றது உண்மையே. ஆயினும் அதை விலைக்கு வாங்கிக் கடைவீதிக்கும் காரியாலயத்துக்கும் ஓட்டிச் சென்றவர்கள் அதன் கரடுமுரடான சுபாவத்தைப் பற்றி முறையிட்டபடியால், 1966 மாடலில் மேற்சொன்ன நீண்ட தண்டுகளுக்குப் பதிலாக எளிய தண்டுகள் அச்சின் கீழே வந்தன, கோனி ஷாக்குகளும் பூட்டு டிஃபரன்ஷியலும் விரும்பினவர் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும் பொருள்களாயின, பின் ஆசனமும் திரும்பி வந்தது. பந்தயத்துக்காகவே பிறந்தவர் என்று பெயரெடுத்த மனிதரே, சாலையில் ஓடும் வண்டிக்கு வேறு நியாயம் உண்டென்று ஓராண்டுக்குள் ஒப்புக்கொண்டார். இன்றைய உதிரிப்பாக விளம்பரங்களை எழுதுகிறவர்கள் 1965-ஐப் பற்றி மிகுதியாகப் பேசுகிறார்கள். 1966-ஐப் பற்றிப் பேசுவதில்லை.

பின்பக்கச் சஸ்பென்ஷனுக்கு இரண்டு கடமைகள் உண்டு. அச்சை அதற்குரிய இடத்தில், முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் விலகாமல் நிறுத்திவைப்பது ஒன்று. மேடுபள்ளங்களுக்கு ஏற்ப அது தாராளமாக மேலும் கீழும் அசைவதற்கு இடங்கொடுப்பது மற்றொன்று. முதற் கடமையில் கண்டிப்பும் இரண்டாவதில் தாராளமும் வேண்டும். இளைஞர்கள் செலவிடும் பணத்தில் பெரும்பகுதி, இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணி, ‘இறுக்கம்’ என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அளப்பதனால் வீணாகிறது. 1979 முதல் 2004 வரை வந்த மஸ்டாங்குகளின் கதை இதற்குத் தகுந்த எச்சரிக்கை. அவற்றின் நான்கு தண்டுகளில் மேலிருந்த இரண்டும், அச்சின் பக்கவாட்டு நகர்வையும் தடுக்கவேண்டும் என்பதற்காக, ஒன்றையொன்று நோக்கிச் சாய்வாக வைக்கப்பட்டிருந்தன. அந்த அமைப்பில், வண்டி திருப்பத்தில் சாயும்போது, ரப்பர் புஷ்கள் நசுங்கி நெளிந்து கொடுத்தால்தான் அச்சு அசையவே முடியும். கணக்குப்படி பார்த்தால் தண்டுகள் நான்கும் ஒன்றோடொன்று முரண்பட்டவை. இது தெரியாமல், மேல் தண்டுகளில் ரப்பரை எடுத்துவிட்டுப் பாலியூரித்தேனைப் போட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது? நெளிந்துகொடுக்க எதுவும் இல்லாமற் போகவே, அச்சு முழுவதும் ஒரு பெரிய முறுக்குக் கம்பியாக மாறி, திருப்பத்தின் நடுவில் ஒரு க்ஷணத்தில் பின்சக்கரங்கள் பிடியை விட்டுவிட, வண்டி பின்புறமாகச் சுழன்றது. வேறு சிலருக்குத் தண்டுகள் பொருத்தப்பட்டிருந்த தகட்டுப் பெட்டிகளே கிழிந்து போயின. தொழிற்சாலைக்காரன் மலிவுக்காக ரப்பர் வைத்தான் என்று எண்ணியவர்கள், அந்த ரப்பரும் அமைப்பில் ஓர் அங்கமென்பதை உணரவில்லை.

2005-ஆம் ஆண்டுக்குப் பிந்தைய மூன்று தண்டு அமைப்பில் இந்த முரண்பாடு பெரும்பாலும் நீங்கிவிட்டபடியால், அச்சை நிலைநிறுத்தும் விஷயத்தில் தைரியமாகச் செலவு செய்யலாம். புறப்படும்போது ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தால் பின்சக்கரங்கள் தடதடவென்று துள்ளுகின்றனவே, அந்தத் துள்ளலுக்குக் காரணம், சக்கரம் பிடித்து, அச்சு முறுக்கிக்கொண்டு, பிடி நழுவி, முறுக்கு அவிழ்ந்து, மறுபடியும் சக்கரம் பிடிக்கும் விஷச் சுழற்சிதான். இது விநாடிக்குப் பத்துப் பதினைந்து தடவை நிகழும். தொழிற்சாலை தந்த கீழ்த் தண்டுகள் மெல்லிய தகட்டை மடித்துச் செய்தவை. அவற்றின் ஸ்தானத்தில் நல்ல உருக்குக் குழாய்த் தண்டுகளைப் போட்டு, ஒரு முனையில் உருண்டை மூட்டும் மறுமுனையில் ரப்பரும் இருக்கும்படி பார்த்துக்கொண்டால், துள்ளல் குறையும், சாய்வுக்கும் தடையிராது. இரு முனைகளிலும் பாலியூரித்தேன் உள்ளதை நான் வாங்கமாட்டேன். அது கிரீஸ் காய்ந்தவுடன் கீச்சிடும் என்பதோடு, அச்சு முறுக்கிக்கொடுக்க வேண்டிய இடத்தில் முரண்டுபிடிக்கும். மேல் தண்டு பின் ஆசனத்தின் அடியில் பொருத்தப்பட்டிருப்பதனால், அங்கே ரப்பரை நீக்கினால் டிஃபரன்ஷியல் பற்களின் முனகல் வண்டிக்குள் குடிபுகுந்துவிடும். குடும்பத்துடன் பிரயாணம் செய்கிறவர் இதை யோசிக்கவேண்டும்.

பக்கவாட்டுத் தண்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். பிரான்ஸ் தேசத்துப் பன்ஹார்ட் கம்பெனியின் பெயரால் வழங்கும் இந்தத் தண்டின் ஒரு முனை அச்சிலும் மறுமுனை உடற்சட்டத்திலும் இருப்பதால், அச்சு மேலும் கீழும் போகும்போது நேர்க்கோட்டில் போகாமல் ஒரு வட்டத்தின் வில்லில் போகிறது. அதாவது, ஒவ்வொரு மேட்டிலும் வண்டியின் பின்பகுதி மிகச் சிறிய அளவில் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. இந்தக் குறைக்குப் பரிகாரமாக விற்கப்படுவது வாட் இணைப்பு. நீராவி யந்திரத்தின் தண்டு நேர்க்கோட்டில் அசையவேண்டும் என்பதற்காக ஜேம்ஸ் வாட் 1784-இல் வகுத்த அந்தக் கற்பனை, நடுவில் சுழலும் ஒரு சிறு தகட்டையும் இரு பக்கத் தண்டுகளையும் கொண்டு, அச்சின் மையத்தை ஏறக்குறைய நேர்க்கோட்டிலேயே ஏறி இறங்கச் செய்கிறது. இந்தத் துறையில் தாம் செய்த வேலையைக் குறித்து, மற்ற யந்திரங்களைக் காட்டிலும் அதிகப் பெருமை கொள்வதாக வாட் தம் முதுமையில் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், ஃபோர்டு கம்பெனியே 1998 முதல் தன் கிரௌன் விக்டோரியாவில், அதாவது அமெரிக்கப் போலீஸாரும் டாக்ஸிக்காரர்களும் அடித்து ஓட்டிய வண்டியில், வாட் இணைப்பை வைத்திருந்தது. பந்தயப் பெருமை பேசும் மஸ்டாங்குக்கு அதைக் கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும், அதன் விலையையும் எடையையும் உத்தேசிக்கும்போது, சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஓர் உறுதியான பன்ஹார்ட் தண்டே போதும். மேடுபள்ளம் மலிந்த வளைவுச் சாலைகளில் நாள்தோறும் போகவேண்டியவர் வாட்டின் பக்கம் சாய்ந்தால் அவரை நான் தடுக்கமாட்டேன்.

இனி ஸ்பிரிங்குகள். வண்டியின் பாரத்தால் சக்கரத்தில் 25 சென்டிமீட்டர் அமுக்கம் விழுமானால் அந்த வண்டி விநாடிக்கு ஒரு தடவை ஊசலாடும். 11 சென்டிமீட்டர் விழுமானால் ஒன்றரைத் தடவை. 6 சென்டிமீட்டரே விழுமானால் இரண்டு தடவை. விநாடிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை வரையுள்ள ஊசலை மனித உடல் சகித்துக்கொள்கிறது, இரண்டை நெருங்கும்போது முறையிடத் தொடங்குகிறது. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து விலகி 1930-இல் அமெரிக்கக் காடிலாக் கம்பெனியில் சேர்ந்த மோரிஸ் ஆலி என்ற ஆங்கிலேய என்ஜினீயர், பாரங்களை இடம் மாற்றி வைக்கக்கூடிய ஒரு சோதனை வண்டியை ஓட்டிப் பார்த்து, முன் ஸ்பிரிங்குகள் பின்னவற்றைவிட மெதுவாக ஊசலாட வேண்டும் என்று கண்டார். காரணம் எளிது: மேட்டில் முன்சக்கரம் ஏறிய பிறகே பின்சக்கரம் ஏறுகிறது. 2.7 மீட்டர் சக்கர இடைவெளியுள்ள மஸ்டாங் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, அந்தத் தாமதம் விநாடியில் பத்தில் ஒரு பங்கு. பின்பகுதி சற்று வேகமாக ஊசலாடினால்தான் முன்பகுதியைப் பிடித்துக்கொண்டு, வண்டி தலையாட்டாமல் சமமாக எழுந்து அமரும். அழகுக்காக முன்னும் பின்னும் கண்டபடி வெட்டிக் குறுக்கிய ஸ்பிரிங்குகளை வாங்குகிறவர், ஆலி சிரத்தையுடன் கண்டறிந்த இந்த இசைவைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்கிறார்.

கேடு அத்துடன் நிற்பதில்லை. வண்டி தாழ்ந்ததும் பன்ஹார்ட் தண்டின் கோணம் மாறி அச்சு ஒரு பக்கமாகச் சில மில்லிமீட்டர் ஒதுங்குகிறது. ஆகவே நீளம் மாற்றக்கூடிய தண்டு வாங்கவேண்டும். கீழ்த் தண்டுகளின் சாய்வு மாறிப் புறப்படும்போது துள்ளல் அதிகமாகிறது; ஆகவே அச்சிலே அவற்றின் பிடியைக் கீழே இறக்கும் தகடுகள் வாங்கவேண்டும். டிஃபரன்ஷியலின் மூக்குக் கோணம் மாறிப் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிர்கிறது. ஆகவே நீளம் மாற்றக்கூடிய மேல் தண்டும் வாங்கவேண்டும். அசைவதற்கு இருந்த இடம் குறைந்துபோய், சாயும் பக்கத்தில் அச்சு ரப்பர் தடையில் போய் முட்டிக்கொள்ளும். முட்டிய க்ஷணத்தில் அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கின் விறைப்பு பன்மடங்காகிப் பிடி நழுவும். இதற்கு உண்மையான பரிகாரம் பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போடுவதுதான். ஓர் அங்குல அழகுக்காக இத்தனை செலவா என்று கேட்டால், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளி பார்வைக்கு ஆபாசமாக இருக்கிறது என்கிறார்கள். அது ரசனையைப் பற்றிய விஷயம். ரசனைக்காகச் செலவழிக்க யாருக்கும் உரிமை உண்டு. வேகத்துக்காகச் செலவழித்ததாக மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

நான் முதலில் வாங்கச் சொல்வது, தேய்ந்த டயர்களை மாற்றிய கையோடு, நல்ல ஷாக் அப்சார்பர்கள். ஸ்பிரிங் வாகனத்தைத் தாங்குகிறது. அது தொடங்கிய ஊசலை அடக்குகிற காரியம் ஷாக்கினுடையது. பத்தாண்டு ஓடிய வண்டியில் அவை பெரும்பாலும் தளர்ந்தே போயிருக்கும். 2005-2014 மஸ்டாங்கில் பின் ஷாக்குகள் ஸ்பிரிங்கிலிருந்து தனியே இருப்பதால், ஜாக்கியும் தாங்கிகளும் உடைய ஒரு சாமானிய மெக்கானிக் ஸ்பிரிங்கைத் தொடாமலேயே அவற்றை மாற்றிவிடலாம். எண்ணெயும் அழுத்தமேறிய வாயுவும் ஒரே குழாயில் அடங்கிய ரகம், சூடேறினாலும் சோர்வடையாது. ஃபோர்டு கம்பெனி 2012-இல் பாஸ் 302 என்ற ரகத்தை வெளியிட்டபோது, அந்தப் பழைய ஒற்றை அச்சை மாற்றாமலே, திருப்புளியால் ஐந்து நிலைகளில் திருகி மாற்றக்கூடிய ஷாக்குகளைக் கொடுத்தது. அந்த வண்டி அக்காலத்தில் பெற்ற நற்பெயரில் இந்த ஷாக்குகளுக்குப் பெரும் பங்குண்டு. ஸ்பிரிங்கை மாற்றித்தான் ஆகவேண்டும் என்பவரும் ஷாக்கை முதலில் மாற்றட்டும். விறைத்த ஸ்பிரிங்கும் தளர்ந்த ஷாக்கும் சேர்ந்த வண்டி, பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கிய பிறகும் நெடுநேரம் குதித்துக்கொண்டே போகும்.

ஸ்டெபிலைஸர் கம்பியைப் பற்றி ஒரே வார்த்தை. அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. 20 மில்லிமீட்டர்க் கம்பியை எடுத்துவிட்டு 22 மில்லிமீட்டர்க் கம்பியைப் போட்டால், பார்வைக்கு அற்பமான அந்த வித்தியாசம் விறைப்பில் 46 சதவிகிதம். பின்சக்கரத்தால் ஓடும் சக்தி வாய்ந்த வண்டியில் பின் கம்பியைத் தடிப்பாக்கினால், திருப்பத்திலிருந்து வெளியேறும்போது உள்பக்கச் சக்கரத்தின் பாரம் குறைந்து, மழை நாளில் வால் வீசும். சாலை வண்டிக்கு இது அவசியமில்லை.

இவ்வளவும் வேற்று நாட்டு விவகாரம். ஆனால் தலைகீழ் வரிசை இங்கும் வந்து சேர்ந்துவிட்டது. நம் ஊர்ச் சிறு கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் ஓடுபவை, பின்புறம் ஒரு முறுக்குச் சட்டத்தைக் கொண்டவை. அவற்றுக்குப் பன்ஹார்ட்டும் வாட்டும் தேவையில்லை. ஆயினும் தாழ்த்தும் ஸ்பிரிங் மட்டும் தேவையென்று இளைஞர்கள் எண்ணுகிறார்கள், வேகத்தடைகளில் அடிவயிறு உரசுவதைக் கௌரவமாகக் கொள்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் வகுத்ததற்கு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாதென்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகவே வியாக்கியானம் செய்தது. தேய்ந்த ஷாக்கை அதே ரகத்தில் மாற்றிக்கொள்வதில் சட்டத்துக்குச் சண்டை ஒன்றுமில்லை. முதற்பலனும் அதில்தான் இருக்கிறது.

ஆண்டுக்கு இரண்டொரு நாள் பந்தயத் தடத்துக்கும் போகிறோமே, அதற்கு இறுக்கம் வேண்டாமா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். வேண்டும். அந்த இரண்டொரு நாளுக்காக ஏனைய நாட்களைத் தியாகம் செய்வதைவிட, தடத்துக்கென்று தனி டயர்களையும், திருகி மாற்றும் ஷாக்குகளையும் வைத்துக்கொள்வது விவேகம். தடம் மழமழவென்று தளமிட்ட இடம். அங்கே ஒருவர் பெறும் நேர லாபத்தைக் காட்டி, ஒட்டுப்போட்ட தார்ச்சாலைக்கும் அதே ஏற்பாடு உகந்ததென்று வாதிக்கும் வீடியோக்களை நான் நம்புவதில்லை.

2015-இல் ஃபோர்டு ஒருவழியாக எல்லா மஸ்டாங்குகளுக்கும் தனித்தனியே அசையும் பின்சக்கரங்களைக் கொடுத்தது. வலப்புற ஸ்டியரிங்குடன் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டு மறு ஆண்டு இந்தியாவுக்கு வந்ததும் இந்தத் தலைமுறைதான். இதை வைத்திருப்பவருக்குப் பன்ஹார்ட் கவலை இல்லை. அவருடைய கவலை, பின் சஸ்பென்ஷன் முழுவதையும் சுமக்கும் துணைச் சட்டம், மிருதுவான ரப்பர் மெத்தைகள் மீது உட்கார்ந்திருப்பதனால், ஓங்கி மிதிக்கும்போது சட்டமே அசைந்து பழைய துள்ளல் புது வேஷத்தில் வருவதாகும். அந்த மெத்தைகளின் இடுக்குகளை நிரப்பும் செருகல்களும், சட்டத்தை உடலோடு பிணைக்கும் தாங்கு தண்டுகளும் மலிவானவை, ஓசையைப் பெரிதாகக் கூட்டாதவை, அவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். 2018-ஆம் ஆண்டு மாடலில் கம்பெனியே பின்பக்கத்தில் ஒரு புதிய மூட்டை வைத்துப் பக்கவாட்டு உறுதியைக் கூட்டியது, ஷாக்குகளையும் திருத்தியது. ஸ்டெபிலைஸர் கம்பிகளிலும் கை வைத்தார்களென்றாலும், உறுதியைக் கூட்டுவதற்காக மூட்டுகளிலெல்லாம் ரப்பரை ஒழித்துவிடவில்லை. ஆகவே இந்தத் தலைமுறையில் பழைய வண்டி தேடுகிறவர், 2015-ஐ வாங்கி உதிரிப்பாகக் கடைக்கு நடப்பதற்கு முன்பு, விலை வித்தியாசத்தைக் கணக்கிட்டுப் பார்த்து, 2018-ஐயோ அதற்குப் பிந்தியதையோ வாங்க முடியுமா என்று யோசிப்பது நலம்.